எரிமீன் பொழிவு: ‘விண்கல் மழை’ ஏன் கூடாது?

டிசம்பர் 13 நெருங்கினால் போதும், “இன்றிரவு வானில் விண்கல் மழை, மணிக்கு 150 கற்கள் விழும்” என்று செய்தி ஓடத் தொடங்கிவிடும். அதற்குக் கீழேயே “குமரி மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை” என்று இன்னொரு செய்தி இருக்கும். எந்த மழைக்குக் குடை, எந்த மழைக்குத் தலைக்கவசம் என்பதை வாசகர் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் 12 வந்தால் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இதே செய்தி மறுபடி வரும். அந்தத் தலைப்பில் உள்ள இரண்டு சொல்லும் பொய். அன்றைக்குக் கல்லும் விழுவதில்லை, மழையும் பெய்வதில்லை.

ஆங்கிலத்தில் இது ‘மெட்டியோர் ஷவர்’, தமிழில் எரிமீன் பொழிவு என்றால் போதும். அதன் மூலச்சொல் மெட்டியோர். கிரேக்கத்தில் ‘மெட்டியோரோஸ்’ என்றால் உயரத்தில் நிற்பது. அரிஸ்டாட்டில் மழை, ஆலங்கட்டி, வானவில், வால்மீன், விழும் விண்மீன் எல்லாவற்றையும் இந்த ஒரே கூடைக்குள் போட்டார். வானிலை இயலுக்கு இன்றும் மெட்டியோராலஜி என்று பெயர் இருப்பது அதனால்தான். ஆக, அந்தச் சொல்லின் வேரில் கல் என்ற பொருளே கிடையாது.

கல் பின்னால் வந்தது. வானத்திலிருந்து கல் விழும் என்பதையே ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1794இல் அதை வாதிட்டு நூல் எழுதியபோது பலர் சிரித்தார்கள். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் ஊரைச் சுற்றி 3,000 போலக் கற்கள் விழுந்தன. பியோ என்ற இயற்பியலர் நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகுதான் வாதம் அடங்கியது.

இன்று வானியலில் இவை மூன்று தனிப் பொருள்கள், மூன்று தனிப் பெயர்கள். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு 2017இல் வரையறுத்தபடி, விண்வெளியில் திரியும் 30 மைக்ரோமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான துண்டு மெட்டியோராய்டு. அது காற்று மண்டலத்தில் நுழையும்போது உண்டாகும் ஒளியும் அதைச் சேர்ந்த நிகழ்வுகளும் மெட்டியோர். எரிந்து தீராமல் தரைக்கு வந்து சேர்ந்தது மெட்டியோரைட்டு. தமிழில் முறையே விண்துணுக்கு, எரிமீன், விண்கல். விண்கல்லைக் கையில் எடுத்து எடை போடலாம். எரிமீனைப் பார்க்கத்தான் முடியும். ஒரு பொருளின் பெயரை ஓர் ஒளிக்கு வைத்ததில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

ஆண்டுதோறும் குறித்த நாளில் நடப்பது என்ன? வால்மீன் தன் பாதை நெடுகத் தூசியைச் சிந்திவிட்டுப் போகிறது. பூமி ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தூசிப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. பெரும்பாலும் மணல் பருமனே உள்ள துணுக்குகள் வினாடிக்குப் பத்துக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகின்றன. ஆகஸ்டில் வரும் பெர்சியஸ் பொழிவில் 59 கி.மீ., நவம்பரில் வரும் சிம்மப் பொழிவில் (லியோனிட்) 71 கி.மீ. தரைக்கு மேலே சுமார் 120இலிருந்து 80 கி.மீ. உயரத்துக்குள் துணுக்கு ஆவியாகித் தீர்ந்துவிடும். நம் கண்ணில் படுவது அந்த ஆவியும் சூடேறிய காற்றும் விடும் ஒளி. கீழே எதுவும் வருவதில்லை. மறுநாள் காலையில் வயலில் கல் தேடிப் போகிறவர்கள் பழைய இரும்புக் கசடோடு திரும்பி வருவது இந்த மொழிபெயர்ப்பின் கைங்கரியம்.

‘விண்கல் மழை’க்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் மூன்று நியாயம் சொல்வார்கள். முதலாவது, சொல் பழகிவிட்டது. பழகியதுதான், ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. லேகிளில் விழுந்தது அசல் விண்கல் மழை. 1947 பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் சிகோட்டே அலின் மலைப்பகுதியில் இரும்புத் துண்டுகளாகக் கொட்டியதும் விண்கல் மழைதான். இந்தப் பெயரை டிசம்பர் மாதத்து ஒளிக்கீற்றுக்குக் கொடுத்துவிட்டால், நிஜமாகவே கல் கொட்டும் நாளில் எந்தப் பெயரால் அழைப்பது? தமிழனுக்குக் கல்மாரி புதிதல்ல. கோவர்த்தனத்தைக் குடையாகப் பிடித்துக் கண்ணன் தடுத்தது கல்மாரியை. காதில் விழுந்ததும் தலையைக் குனிய வைக்கிற சொல்லை, அண்ணாந்து பார்க்க வேண்டிய காட்சிக்கு வைப்பது எந்த ஊர் வழக்கம்?

இரண்டாவது நியாயம் கொஞ்சம் கெட்டி. டிசம்பரில் வரும் மிதுனப் பொழிவுக்கு (ஜெமினிட்) மூலம் வால்மீன் அல்ல, 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட பேத்தான் என்ற சிறுகோள். சிறுகோள் என்றால் பாறை, ஆகவே கல் என்பது சரிதானே என்பார்கள். மூலம் பாறையாக இருக்கலாம், வந்து சேர்வது பாறை அல்ல. மிதுனத் துணுக்குகள் மற்றவற்றைவிடக் கெட்டி, வேகமும் குறைவு, வினாடிக்கு 35 கி.மீ. அதனால் நிதானமாக, பொலிவாக எரிகின்றன. என்றாலும் மேலேயே தீர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது நியாயம், மழை என்றால் குழந்தைக்கும் புரியும் என்பது. புரியும், அதுதான் வம்பு. மழை என்று கேட்டுவிட்டு நாகர்கோவிலில் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறுகிறவர் பத்து நிமிடத்தில் எதையும் காணாமல் இறங்கிவிடுகிறார். அந்த நேரத்தில் மிதுனப் பொழிவின் தோற்றப்புள்ளி (எரிமீன்கள் புறப்படுவதாகக் கண்ணுக்குத் தோன்றும் வானத்து இடம்) வடகிழக்கு அடிவானத்தில் அப்போதுதான் தலைகாட்டுகிறது. அது உச்சிக்கு ஏறுவது இரவு இரண்டே கால் வாக்கில். நம் ஊர் 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் அப்போது அதன் உயரம் 65 பாகை.

‘மணிக்கு 150’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது உச்சிநிலை மணிவீதம். தோற்றப்புள்ளி தலைக்கு நேர்மேலே இருந்து, 6.5 ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்) வரையிலான மங்கல் நட்சத்திரமும் கண்ணுக்குத் தெரிந்தால் கிடைக்கும் எண்ணிக்கை. அப்படி ஒரு வானம் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? 65 பாகை உயரத்தில் 150 என்பது 135 ஆகிறது. ஊர் விளக்குகளால் 5ஆம் ஒளித்தரத்தோடு கண் நின்றுபோனால் அதுவும் ஏறக்குறைய நாலில் ஒன்றாகி, முப்பதைச் சுற்றி நிற்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. ஆகஸ்ட் பெர்சியஸ் பொழிவு நமக்கு இன்னும் கஷ்டம். தோற்றப்புள்ளி வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானில் ஓடும் கோட்டுக்கு) வடக்கே 58 பாகை விலகி இருப்பதால் அதிகாலை நாலரைக்கும் 37 பாகைதான் ஏறியிருக்கும். நூறு என்று அறிவித்தது இங்கே இருபதுக்குள் அடங்கும், அதுவும் தென்மேற்குப் பருவமேகம் விலகினால். மணிக்கு இருபதை மழை என்று எழுதுகிறவர் தூறலை என்னவென்று எழுதுவாரோ!

குமரிக்கு உண்மையில் வாய்த்தது மே 5, 6 தேதிகளில் வரும் கும்பப் பொழிவு (ஈட்டா அக்வாரிட்). ஹாலி வால்மீனின் தூசி. தோற்றப்புள்ளி வான நடுவரைக்கு ஒட்டியே இருப்பதால் அதிகாலை நாலரைக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் நிற்கும். வட ஐரோப்பாக்காரனுக்கு அது எழுவதற்குள் விடிந்துவிடும். ஆனால் செய்திகள் வெளியூர் நாட்காட்டியிலிருந்து பெயர்க்கப்படுவதால் பெர்சியஸுக்கு இருக்கும் ஆர்ப்பாட்டம் இதற்கு இல்லை.

இனி எரிமீன். இதிலும் குறை உண்டு. எரிவது மீன் அல்ல, நட்சத்திரம் விழுவதும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் இந்தச் சொல் சொல்கிறது, மெட்டியோர் போலவே. மின் என்ற அடியிலிருந்து மீன், மின்னுவதெல்லாம் மீன். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் “ஒருமீன் விழுந்தன்றால் விசும்பி னானே” என்கிறார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் சாவுக்குக் குறியாக அவர் கண்டது இதே எரிமீனைத்தான். கல் விழுந்தது என்று அவர் எழுதவில்லை. நம் காலத்துத் தலைப்பாசிரியரைவிடக் கவனமான ஆள்.

‘மீன் என்றால் சாளையா, அயிலையா?’ என்று கடற்கரைப் பக்கம் கேலி எழலாம். விண்மீனும் வால்மீனும் செல்லுபடியாகிற இடத்தில் எரிமீன் மட்டும் ஏன் முள்ளாகக் குத்த வேண்டும்? மலையாளத்தில் இதற்குக் கொள்ளிமீன் என்று அருமையான பெயர் உண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் காதுகளுக்கு அது அந்நியமாகவும் இருக்காது. எரியும் விறகுத்துண்டின் கோடு அப்படியே அதில் இருக்கிறது. தமிழில் கொள்ளி வைப்பது என்பது வேறு காரியமாகிவிட்டதால் தலைப்பில் போடக் கூசும், அவ்வளவுதான். எரிகல் என்பதைச் சிலர் சமரசமாக நீட்டுகிறார்கள். அதிலும் கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேண்டாம்.

பொழிவு ஏன் என்றால், பனிப்பொழிவு, சொற்பொழிவு என்று எதையும் தாங்கும் சொல் அது. சொற்பொழிவுக்கு யாரும் குடை கொண்டுபோவதில்லை.

இந்த வரிசையில் மிகக் கேவலமான பெயர்ப்பு ஒன்று உண்டு. ‘ரேடியன்ட்’ என்பதைக் ‘கதிரியக்கப் புள்ளி’ என்று எழுதுகிறார்கள். இயந்திரம் கொடுத்ததை மனிதர் வாசித்தே பார்க்காமல் ஒட்டுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கதிரியக்கம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது, மோனசைட்டிலுள்ள தோரியத்தில். மிதுன ராசியில் அதற்கு என்ன வேலை? ஒரே பொழிவின் எரிமீன்கள் இணைகோடுகளில்தான் வருகின்றன. நேரே நின்று பார்த்தால் தண்டவாளம் தூரத்தில் கூடுவதுபோல, அவை வானில் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. தோற்றப்புள்ளி என்று சொன்னால் போதும். தோற்றம் என்ற சொல்லில் தொடக்கமும் இருக்கிறது, தோன்றும் மாயையும் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குக்கூட இந்த வசதி இல்லை.

தோற்றப்புள்ளியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் எண்ணவும் முடியும். மிதுனத்துக்கு அது புனர்பூசத்தின் கேஸ்டர் நட்சத்திரத்துக்குப் பக்கம். அதையே உற்றுப் பார்த்தால் குட்டைக் கோடுகள்தான் கிடைக்கும். அதிலிருந்து 40 பாகை தள்ளி, 50, 60 பாகை உயரத்தில் பார்வையை விட வேண்டும். பாய் விரித்துப் படுப்பது நல்லது, கழுத்து தாங்காது. தொலைநோக்கியும் பைனாகுலரும் வேண்டாம், வானத்தின் அகலம்தான் இங்கே முக்கியம். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை ஃபோனைத் திறந்தால் அத்தனையும் வீண். முட்டத்தில் படுக்கிறவர்கள் கலங்கரை விளக்குக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஓரக்கண்ணில் மினுங்கி ஏமாற்றும். பேச்சிப்பாறையில் இருட்டு உண்டு, ஆனால் மலையும் ரப்பர் மரமும் அடிவானத்தைத் தின்றுவிடும்.

ஒரு கீற்று போனதும் அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். கோடு தோற்றப்புள்ளி வழியாகப் போக வேண்டும், கீற்றின் நீளமும் அந்தப் புள்ளிக்கும் கீற்று தொடங்கிய இடத்துக்கும் உள்ள தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் பொருந்தினால் பொழிவின் எரிமீன், இல்லாவிட்டால் தனி எரிமீன். நேரம், ஒளித்தரம், எந்த வகை என்ற மூன்றையும் குரலில் பதிந்துகொண்டால் கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது ‘மெட்டியோர் ஸ்டார்ம்’. மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போனால் அந்தப் பெயர். 1833 நவம்பரில் அமெரிக்காவில் சிம்மப் பொழிவு அப்படிக் கொட்டியது, தோற்றப்புள்ளி என்ற எண்ணமே அன்றுதான் ஊன்றியது. இதை ‘எரிமீன் புயல்’ என்று பெயர்க்கிறார்கள். சிம்மப் பொழிவு வருவது நவம்பர் 17, 18 வாக்கில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்துபோன கடற்கரையில், அதே மாதத்தில், ‘இன்றிரவு புயல்’ என்று ஃபோனில் ஒரு தலைப்பு ஒளிர்ந்தால் வள்ளம் இறக்க நிற்கிறவர் வானியல் பக்கம் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். பெரும்பொழிவு என்று எழுதலாம். எழுத்தும் கூடுதலில்லை.