பாறைக் கூரை எவ்வளவு அகலம் தாங்கும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் மணலோடு மணலாகக் கிடக்கின்றன. அள்ளிப் பிரித்தால் போதும். தலைக்கு மேல் கூரை நிற்குமா என்ற கவலையே இல்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் அப்படியல்ல. 2001-இல் மூடப்பட்டபோது அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. 1 கிலோமீட்டர் ஆழத்திலேயே ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் சுமார் 2,700 டன் பாறை உட்கார்ந்திருக்கும்.

குடைந்துவிட்டால் அந்தப் பாரம் எங்கே போகும்? பக்கச் சுவர்களுக்கு ஒதுங்கும். மேலிருந்து மட்டும் அழுத்தினால், வட்டமான துளையின் பக்க விளிம்பில் அழுத்தம் 3 மடங்காகும் என்று 1898-இலேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டினார். பாறைக்கு அதைத் தாங்கும் வலு இல்லையென்றால் சுவர் வெடித்துச் சிதறும். கோலார் தொழிலாளர்கள் அதிகம் பயந்தது இதற்குத்தான்.

ஆழம் குறைவான இடத்தில் வில்லன் வேறு: விரிசல். நம் மாவட்டத்துக் கல் குவாரிகளின் முகப்பைப் பாருங்கள். எவ்வளவு கெட்டியான கல்லிலும் கோடுகள் ஓடும். அவை குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல் கழன்று விழும். அதனால்தான் துளைபோட்டு எடுத்த உருளைக் கல்லில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகள் எத்தனை சதவீதம் என்று முதலில் அளக்கிறார்கள். விரிசல்களின் எண்ணிக்கை, சொரசொரப்பு, திசை, பாறையின் மேலுள்ள அழுத்தம் எல்லாம் சேர்த்துப் பாறைக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள்.

அப்புறம் குடைவின் அளவு. எனக்குப் பிடித்த கணக்கு இதுதான்: பரப்பைச் சுற்றளவால் வகுக்க வேண்டும். 20-க்கு 20 மீட்டர் கூரைக்கு 400-ஐ 80-ஆல் வகுத்தால் 5. 10-க்கு 80 மீட்டர் கூரைக்கு 800-ஐ 180-ஆல் வகுத்தால் சுமார் 4.4. பரப்பு இரட்டிப்பு, ஆனால் ஆபத்து குறைவு! நீளக் கூரையின் எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அல்லவா? இந்த எண்ணையும் பாறையின் மதிப்பெண்ணையும் ஒரே வரைபடத்தில் வைத்து, குடைவு நிற்குமா, சரியுமா என்று பார்க்கும் முறை 1980-களில் பரவியது.

வெடி வைத்துத் தாதுவை எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. உள்ளே ஆள் போக முடியாது. நீண்ட கம்பின் நுனியில் லேசர் கருவியை நீட்டி வெற்றிடத்தின் உண்மையான வடிவத்தை அளப்பார்கள். திட்டத்தை விட ஒரு மீட்டர் கூடுதலாகச் சரிந்திருந்தால், அத்தனையும் தாதுவோடு கலந்த வெறும் கல். துளை கோணலாகப் போனதா, வெடிமருந்து அதிகமா, மதிப்பெண்ணே தவறா என்று தேடுவார்கள். மதிப்பெண்தான் தவறென்றால் அடுத்த குடைவு குறுகும், அல்லது கூரையைப் பாறையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்கள் கூடும்.