உள்நாட்டு வன்முறையா? எந்த நாட்டுல?

போன வாரம் நம்ம டிடிபி கடைக்கு ஒரு நோட்டீஸ் பிடிஎஃப் வந்துச்சு, அம்பது காப்பி கலர்ல வேணுமாம். மேல மலையாளம், கீழ தமிழ். மலையாளத்துல "கார்ஹிக பீடனம்"னு, அதாவது வீட்டுக்குள்ள நடக்கற கொடுமைன்னு, சரியாத்தான் போட்டிருக்கு. தமிழ்ல பாத்தா "நீங்கள் உள்நாட்டு வன்முறையால் பாதிக்கப்பட்டவரா?"ன்னு கேக்குது. கேரள-தமிழ்நாடு எல்லைல இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வர்ற நோட்டீஸ்ல இத நான் பாக்கறது நாலாவதோ அஞ்சாவதோ தடவ, இத்தன நாள் பல்லக் கடிச்சுட்டு அப்படியே அடிச்சுக் குடுத்துட்டு இருந்தேன், இந்த வாட்டி முடியல. ஏன்னா ஜெராக்ஸ் எடுக்க வந்த எங்க தெரு அக்கா ஒன்னு அத கையில எடுத்துப் படிச்சுட்டு "ஏங்கண்ணு, மறுபடியும் காவேரி கலவரமா"ன்னு கேட்டுச்சு.

இங்கிலீஷ்ல இருக்கற "டொமஸ்டிக் வயலன்ஸ்"அ தப்பா தமிழாக்குனதால வந்த வினை இது. வேர் ரொம்ப சிம்பிள். லத்தீன்ல டோமுஸ்னா வீடு, அதுல இருந்து டொமஸ்டிக். இங்கிலீஷ்ல போகப்போக "நம்ம நாட்டுக்குள்ள"ங்கற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு, அதனால தான் டொமஸ்டிக் ஃப்ளைட்டு உள்நாட்டு விமானம், ஜிடிபில நடுவுல நிக்கற டி-யும் உள்நாடு. மொழிபெயர்க்கற மெஷினுக்கு இது எது அது எதுன்னு தெரியாது, விடுங்க. அத ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சுப் பாக்காம ஃபார்வர்ட் பண்ற மனுசங்கள என்ன சொல்றது? உள்நாட்டுப் போர்னா துப்பாக்கி, அகதின்னு எல்லாருக்கும் தெரியும், அதே உள்நாட்ட சமையக்கட்டுல கொண்டு வந்து வச்சா எந்தப் பொம்பள இது தனக்குன்னு நெனப்பா.

இத வாட்ஸப் குரூப்ல போட்டேன். ரிட்டையர்டு தமிழய்யா ஒருத்தர், நான் மதிக்கறவர் தான், உடனே "இல்லற வன்முறை என்பதே தூய தமிழ்"னு போட்டாரு. எழுபது தம்ஸ் அப். எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. ஐயா, இல்லறம்ங்கறது இல் கூட அறம். குறள்ல இல்லறவியல்னு ஒரு பகுதியே இருக்கு, அன்பும் அறனும் இருந்தா தான் அது இல்வாழ்க்கைன்னு சொல்லுது. அறத்தையும் வன்முறையையும் ஒரே நூல்ல கோத்தா சொல்லே தன்ன தானே வெட்டிக்குது. அது கூட போகட்டும், இல்லறம்னா புருசன் பொண்டாட்டி மட்டும் தானே கண்ணுக்கு வருது? வீட்டுக்குள்ள நடக்கற வன்முறைல இருந்து பொண்ணுங்களக் காக்க 2005ல வந்த சட்டம் அப்படி இல்லீங்க. மகன் அம்மாவ அடிச்சாலும், அண்ணன் தங்கச்சிய வீட்ட விட்டுத் தொரத்துனாலும், தாலி கட்டாம கல்யாணம் மாதிரியே சேந்து வாழ்ந்தவன் கொடுமப்படுத்துனாலும் அதுல வரும். அந்தப் பொண்ணு "நமக்குத் தான் இல்லறமே இல்லையே"ன்னு நோட்டீஸ மடிச்சு வெச்சுட்டுப் போயிரும். தமிழ் சுத்தமா இருந்து என்ன, ஆள வெளிய நிக்க வெச்சுட்டா?

தமிழ்ல அந்தச் சட்டத்துக்கு குடும்ப வன்முறைன்னு தான் பேர் நெலச்சிருக்கு, கோர்ட்டு பேப்பர்ல அதையே எழுதுங்க, மாத்த வேண்டாம். பேப்பர்காரங்க எழுதற "குடும்பத் தகராறு" தான் எனக்கு ஆகவே ஆகாது. தகராறுன்னா ரெண்டு பேரும் சமமா கத்தணும். ஒருத்தி மண்டைல பத்து தையல் போட்டுட்டு கெடக்கறப்ப அது என்ன தகராறு.

மலையாளத்துல இருந்து அப்படியே எடுத்துக்கலாம்னு இங்க சிலர் சொல்றாங்க. பீடனம் நம்ம காதுக்கு பீடை மாதிரி கேக்குது, ரெண்டுக்கும் வேர் ஒன்னு தான். அதவிட, மலையாள சேனல்ல வெறும் "பீடனம்"னு சொன்னா முக்காவாசி அது பாலியல் கேஸு, அந்தச் சொல்லோட ஸ்டேஷன் போகவே பொண்ணுங்க கூசுவாங்க. தெலுங்குல கிருஹ ஹிம்சன்னு சொல்லுவாங்க, நம்மகிட்ட வந்தா ஹிம்சை இம்சையாகி "இம்ச பண்ணாதடா"ன்னு கொழந்தைய வையறதுக்குத் தான் ஆகும்.

அந்த அக்காகிட்ட அது கலவரம் இல்லக்கா, வீட்ல நடக்கறதப் பத்தின்னு சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் அடிக்கறதெல்லாம் இல்ல, ஏடிஎம் கார்டும் போனும் மட்டும் வாங்கி வெச்சுக்குவாரு, அம்மா வீட்டுக்குப் பேசணும்னா அவர் முன்னாடி தான் பேசணும்"னு சொல்லுச்சு, ஏதோ வெயில் ஜாஸ்தின்னு சொல்ற மாதிரி. சட்டத்துல அடி, பாலியல் கொடுமை, வாயால மனசால பண்றது, காசுல பண்றது, நாலுமே சேத்தி. ஆனா வன்முறைன்னு கேட்டதும் அந்த அக்காவுக்கு கை ஓங்கறது மட்டும் தான் தெரிஞ்சுது. "கொடுமன்னு வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அது கொடும தான் கண்ணு"ன்னுச்சு.

அதனால நோட்டீஸுக்கு என் ஓட்டு "வீட்டுக் கொடுமை". வரதட்சணைக் கொடுமைன்னு ஏற்கனவே வாயில பழகுன சொல். வன்கொடுமை வேண்டாம், அது 1989 எஸ்சி எஸ்டி சட்டத்துக்குப் போயாச்சு. வீடுன்னு சொன்னா டோமுஸும் வந்துருது, வீடு யார் பேர்ல இருந்தாலும் அதுல இருக்க அவளுக்கு உரிமை உண்டுன்னு சட்டம் சொல்றதும் வந்துருது. தமிழய்யா விடல, "வீட்டு வேலைக்கு வருபவருக்கு நடப்பதும் அதில் சேருமே?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி தான், அந்தச் சட்டம் அவங்களுக்கு இல்ல. அதனால அடியில சின்ன எழுத்துல குடும்ப வன்முறைச் சட்டம்னும் போட்டுக்கலாம்.

பிடிஎஃப் அனுப்புனவங்களுக்கு போன் பண்ணா "மேல இருந்து வந்த மேட்டர், மாத்த முடியாது". அம்பதும் அப்படியே அடிச்சுக் குடுத்துட்டேன். அம்பத்தொன்னாவது என் சொந்தக் காசு, நான் டைப் பண்ணது, கடைக் கண்ணாடில ஒட்டியிருக்கேன்: "வீட்டுல கொடுமையா? 181க்கு கூப்பிடுங்க." பொண்ணுங்களுக்கான உதவி நம்பர் அது, கேரளாவுலயும் தமிழ்நாட்டுலயும் அதே நம்பர் தான். கீழ இன்னொரு வரி, எல்லைல கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்காக: புருசன் ஊர்லயே தான் கேஸ் போடணும்னு இல்ல, இப்ப நீங்க தங்கியிருக்கற அம்மா வீட்டு ஊர் கோர்ட்டுலயும் போடலாம், வக்கீல் செலவுக்கு காசில்லன்னா இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானச் சர்டிபிகேட் எல்லாம் கேக்க மாட்டாங்க.

நேத்து அந்த அக்கா வந்து அந்த ரெண்டாவது வரிய மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லுச்சு. பொள்ளாச்சி அதுக்கு அம்மா வீடு.