நுரை கழுவாது

ஆய்வகங்களிலிருந்து இந்த மாதத்தில் இது மூன்றாவது போன். பாஸ்பேட் சோதனையில் மாதிரியே சேர்க்காத பிளாங்க் கரைசல் நீலமாகிறதாம், அதாவது பாஸ்பேட் இருப்பதாகக் காட்டுகிறதாம். வினைப்பொருளை மாற்றியாயிற்று, கருவியைச் சரிபார்த்தாயிற்று, கடைசியில் காய்ச்சி வடித்த நீரின் மீதும் சந்தேகம். "பீக்கரை எதில் கழுவினீர்கள்?" என்றேன். துணி துவைக்கும் தூளில். உறையில் பாஸ்பேட் என்று அச்சிட்டே இருக்கிறது. "நல்லா நுரை வருது சார்" என்று சமாதானம் வேறு.

நுரை என்பது சோப்புக் கரைசலில் மாட்டிக்கொண்ட காற்று. அது எதையும் கழுவாது. அழுக்கைப் பெயர்ப்பவை நீரில் கரைந்திருக்கும் சர்ஃபாக்டன்ட் (எண்ணெயையும் நீரையும் சேர வைக்கும் பொருள்), காரம் அல்லது அமிலம், சூடு, ஊறும் நேரம். நுரையே வராத டிடர்ஜென்ட்டுகள் அருமையாகக் கழுவும். கழுவும் இயந்திரத்துக்கு அவைதான் வேண்டும். அங்கே நுரை பொங்கினால் பம்ப் காற்றை இழுத்து, தெளிப்பு வேகம் விழுந்துவிடும். கையால் கழுவினாலும் நுரை கூடக் கூட அலசும் வேலைதான் கூடும். அரைகுறையாக அலசினால் கிடைப்பது சோப்பு பூசிய பாத்திரம். ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், சோப்பு மிச்சம் செல்களை என்ன செய்யும் என்று அழுதுகொண்டே சொல்வார்கள். சோப்புப் புட்டியில் 1 சதவீதம் என்றிருந்தால் லிட்டருக்கு 10 மில்லி, அவ்வளவுதான். மைக்ரோலிட்டர் வரை அளக்கிறவர்கள் சோப்பை மட்டும் ஏன் கண்ணளவில் ஊற்றுகிறீர்கள்?

அப்புறம், அழுக்கு என்னவென்று பார்த்துவிட்டுப் புட்டியை எடுங்கள். எண்ணெய், கொழுப்பு, புரதத்துக்குக் காரம். உப்புப் படிவு, துருவுக்கு அமிலம். இரத்தம் பட்டதை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தைக் கடுங்காரத்தில் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் பிளீச்சை விட்டுவிட்டுப் போனால் புள்ளி புள்ளியாக அரிக்கும். குவார்ட்ஸ் குவெட்டை (ஒளி அளவீட்டுக்கு மாதிரி ஊற்றும் சிறு பாத்திரம்) சூடான காரத்தில் ஊறப்போடுபவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

பிளீச்சும் அமிலமும் ஒரே தொட்டியில் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

பயன்படுத்திய பாத்திரத்தைக் காய விடாதீர்கள். கழுவியபின் குழாய் நீரில் பலமுறை, முடிவில் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். நீர் ஒரே படலமாக வழியாமல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை போகவில்லை. ஆனால் சோப்பு மிச்சத்தை இந்தச் சோதனை காட்டாது. சோப்பு இருந்தாலும் நீர் படலமாகத்தான் வழியும். காரச் சோப்பென்றால் கடைசி அலசல் நீரில் சில சொட்டு புரோமோகிரெசால் பர்ப்பிள் (காரம் பட்டால் ஊதாவாகும் நிறங்காட்டி) விட்டு, பக்கத்தில் சுத்தமான நீரையும் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். ஊதா ஏறினால் மறுபடி அலசல்.

பாஸ்பேட் பார்ப்பவர்கள் அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசிப் பயன்படுத்துங்கள். அந்தத் துணித்தூளை இன்றைக்கே வெளியே வையுங்கள்.