மிகை அல்ல, மாற்றிருப்பு

பெங்களூரு வைட்ஃபீல்டில் என்னோடு நெட்வொர்க் வேலை பழகும் தர்மபுரிப் பையன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, இரண்டாவது ரூட்டர் மிகை என்று போட்டிருக்கிறதே, கழற்றி வேறு கிளைக்குக் கொடுத்துவிடலாமா?" அவன் கையிலிருந்த தமிழ்ப் பயிற்சிக் குறிப்பில் 'ரிடண்டன்சி' என்பதற்கு 'மிகைமை' என்று இருந்தது. இதே சொல்லை எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேனோ! பையன் மேல் தவறில்லை. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் படிப்பார்.

மூலம் லத்தீன். 'உண்டா' என்றால் அலை. அதிலிருந்து வந்த வினைக்குப் பொங்கி வழிதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது 'தேவைக்கு மேற்பட்டது' ஆனது. பொறியியலில் 'ஒன்று பழுதானால் தாங்கிக்கொள்ள வைத்திருக்கும் இன்னொன்று' ஆனது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் பொருளோடு அகராதியை மூடிவிட்டார்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று 'மிகைபடக் கூறல்'. குற்றத்தின் பெயரையா காவல் நிற்கும் கருவிக்குச் சூட்டுவது?

அந்த இரண்டாவது ரூட்டர் சும்மா இருக்கிறதா? ஒரு ரூட்டர் பழுதானால் இன்னொன்று அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் எச்எஸ்ஆர்பி முறையில் முதல் ரூட்டர் வழக்கமாக 3 வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும். 10 வினாடி செய்தி வராவிட்டால் இரண்டாவது பொறுப்பேற்கும். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும், 192.168 என்று தொடங்கும் எந்த உள்முகவரி இணையத்தில் எந்த வெளிமுகவரியாக, எந்தப் போர்ட்டில் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்ணில்) போகிறது என்று முதல் ரூட்டர் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன் நகல் இரண்டாவதற்கும் உடனுக்குடன் போகும்படி அமைக்காவிட்டால், பொறுப்பு கைமாறும்போது நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அறுந்துபோகும். வேண்டாத பொருளிடம் யாராவது கணக்கேட்டின் நகலைக் கொடுத்துவைப்பார்களா?

'மிகைமை' கலைச்சொல் பட்டியல்களில் ஏறிவிட்டது, இனி மாற்றக்கூடாது என்கிறார்கள். ஏறியது தவறென்றால் இறக்கத்தான் வேண்டும். 'காப்பு' நல்ல சொல்தான். ஆனால் தரவின் நகலைக் காப்புப்பிரதி என்று ஏற்கெனவே சொல்கிறோம், இரண்டும் குழம்பும். காரில் வைத்திருக்கும் ஸ்டெப்னியை மாற்றுச் சக்கரம் என்கிறோம். மிகைச் சக்கரம் என்பதில்லை. அதே வழியில் 'மாற்றிருப்பு' என்பேன். முதல் ரூட்டர் பழுதானதும் வேலை இரண்டாவதற்குக் கைமாறும் 'ஃபெயில்ஓவர்' என்பதைத் 'தோல்வி மாற்றம்' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அங்கே நடப்பது பொறுப்பேற்பு. உள்முகவரியை வெளிமுகவரியாக்கும் 'அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்' என்பதை 'முகவரி மொழிபெயர்ப்பு' என்று எழுதுபவர்கள், முகவரி எந்த மொழியில் இருந்தது என்று ஒரு கணம் யோசிக்கட்டும். 'முகவரி மாற்றம்' போதும்.

அன்று மாலையே பையன் குறிப்பில் அடித்துத் திருத்தினான். இரண்டாவது ரூட்டரின் நெற்றியில் ஒரு சீட்டும் ஒட்டினான்: 'மாற்றிருப்பு. கழற்ற வேண்டாம்.'