வீட்டு மாமரம் என்ன ரகம்? பழத்துக்கு முன் அடித்தூரைப் பாருங்கள்

தட்டில் வைத்த மஞ்சள் மாம்பழத்தின் படம் ஒன்றை அனுப்பி, "இது என்ன ரகம்?" என்று கேட்பவர்கள் அதிகம். அதை மட்டும் வைத்துப் பெயர் சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது மரத்தின் அடித்தூர்.

தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்துக்குள் தண்டில் ஒரு புடைப்பு, லேசான வளைவு, அதற்கு மேலும் கீழும் பட்டையில் வேறுபாடு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அது ஒட்டுக்கன்று, அதாவது ஒரு ரகத்தின் கிளையை வேறொரு கன்றில் ஒட்டி வளர்த்தது. வயதான மரத்தில் இது மறைந்திருக்கலாம். மண் அணைத்து மூடியிருந்தால் சற்றுத் தோண்டிப் பாருங்கள். நட்டு எத்தனை ஆண்டில் காய்த்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதும் உதவும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். கொட்டையில் முளைத்தது பெரும்பாலும் அதைப் போல் இரு மடங்கு காலம் எடுக்கும்.

யாரோ பங்கனப்பள்ளி தின்றுவிட்டுப் போட்ட கொட்டையில் வந்த மரம் பங்கனப்பள்ளி ஆகாது. நம் தோட்டங்களில் உள்ள ரகங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கரு உள்ளவை. அந்தக் கரு மகரந்தச் சேர்க்கையில் உண்டானது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. தாயின் சாயல் இருக்கலாம், ஆனால் அந்த மரத்துக்கு ரகப் பெயர் கிடையாது. பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில். கேட்பவர்களுக்குப் பிடிக்காத பதிலும் இதுதான். சந்திரக்காரன், வெள்ளைக்கொழும்பான் போன்ற பல கரு ரகங்கள் இதற்கு விலக்கு. அவற்றில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும், பெரும்பாலானவை தாயை அப்படியே ஒத்திருக்கும்.

ஒட்டு மரத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை வெட்டாமல் விட்டால் அது வேகமாக வளர்ந்து மேலே உள்ள ஒட்டுக் கிளையை அமுக்கிவிடும். கடைசியில் மரமாக நிற்பது, ஒட்டுக்கு வேராக வைத்த அடிக்கன்று மட்டுமே. நர்சரியில் கட்டிய சீட்டில் மல்கோவா என்றிருக்க, புளிப்பும் நாருமாகக் காய்ப்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான். நர்சரிக்காரரைத் திட்டுவதற்கு முன் கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள்.

ஒட்டு மரம்தான் என்று உறுதியானால் பழத்துக்கு வரலாம். காம்பை ஒட்டிய தோள் பகுதி, காம்பு சேரும் இடமான காம்படியைவிட மேலெழும்பி, மரத்தில் ஓரிரு பழம் தானாக விழத் தொடங்கியதும், நாலு பக்கத்திலிருந்தும் ஐந்தாறு காய்களைக் காம்போடு பறியுங்கள். பிஞ்சில் பறித்தால் வடிவம் ஏமாற்றும். உதிர்ந்ததும் வண்டு துளைத்ததும் வேண்டாம். வைக்கோலில் வைத்துப் பழுக்க விடுங்கள். கார்பைடு கல் சட்டப்படி தடை. அது முற்றாத காயையும் மஞ்சளாக்கி, ரகத்துக்கே உரிய நிறத்தைக் காட்டாமல் செய்துவிடும்.

நிறத்துக்குக் கடைசி இடம்தான். வெயில் படும் பக்கம் பல ரகங்களும் சிவக்கும். சிவப்பைக் கண்டதும் செந்தூரா என்று முடிவு கட்ட வேண்டாம். இமாம் பசந்து பழுத்த பிறகும் பச்சை முழுதாக மாறாது, அதைக் காய் என்று நினைத்து அழுக விடுகிறவர்களும் உண்டு. நம்பத் தகுந்தவை காம்படி, தோள், மூக்கு (நுனிப் பக்கத்துக் கூர்), நார், கொட்டை. கிளிமூக்கை யாரும் தவறவிட மாட்டார்கள். ருமானி உருண்டை, தோல் மெல்லியது. நீலம் நடுத்தர அளவு, சுமார் 200 கிராம். மூக்கு சிறிது, ஆனால் தெளிவாகத் தெரியும். பங்கனப்பள்ளி பெரிது, சாய்ந்த முட்டை வடிவம், வழவழப்பான தோல், நார் இல்லை. மல்கோவா அதைவிட உருண்டை, தோல் தடிப்பு, காய்ப்பு குறைவு.

குழப்புவது கலப்பினங்கள்தான். மல்லிகா, ஆம்ரபாலி இரண்டும் நீலம், தசேரி சேர்க்கை. ரத்னா நீலமும் அல்போன்சாவும். பெரியகுளத்தின் பி.கே.எம். 1 சின்னசுவர்ணரேகாவும் நீலமும், பி.கே.எம். 2 நீலமும் மல்கோவாவும். எல்லாவற்றிலும் நீலத்தின் ரத்தம் ஓடுகிறது. ஆகவே ஓர் அடையாளம் மட்டும் ஒத்துப்போனால் போதாது.

பழுக்கும் மாதத்தையும் இரண்டு மூன்று ஆண்டு குறித்து வையுங்கள். செந்தூரா முன்பருவம், நீலம் ஜூன், ஜூலை. கன்னியாகுமரிப் பக்கம் நீலம் பருவம் தவறியும் காய்க்கும் என்பதால் ஊரையும் சேர்த்து எழுத வேண்டும். நீலமும் கிளிமூக்கும் ஆண்டுதோறும் காய்க்கும். பங்கனப்பள்ளியும் அல்போன்சாவும் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் குணமுள்ளவை.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிடமோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திடமோ கேட்பதானால், அளவுகோலோடு காம்புப் பக்கம், பக்கவாட்டு, மூக்குப் பக்கம், கொட்டையை ஒட்டி நீளவாக்கில் வெட்டியது, கழுவி உலர்த்திய கொட்டை, முற்றிய இலை, இளந்தளிர், அடித்தூர் எனப் படங்களை அனுப்புங்கள். மரபணுச் சோதனையும் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே பதிவான ரகங்களோடு ஒப்பிடத்தான் உதவும். கொட்டை மரத்துக்குப் பெயர் தராது.

பெயர் இல்லாவிட்டாலும் பழம் நன்றாக இருந்தால் மரத்தைப் பெருக்கலாம். கொட்டை போட்டால் குணம் மாறும், ஒட்டுத்தான் கட்ட வேண்டும். மூன்று நான்கு மாதம் முற்றிய நுனிக்கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைக்காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் நறுக்கிவிடுங்கள். நுனிமொட்டு பருத்ததும் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி அன்றைக்கே ஒட்டுக் கட்டுங்கள்.