கீரை வெந்த தண்ணீரை யார் குடிக்கலாம், யார் வடித்துக் கொட்ட வேண்டும்?

“கீரையைத் தின்னக்கூட இல்லம்மா, தண்ணியைத்தானே குடிச்சேன்” என்று அந்தப் பெரியம்மா என்னிடம் சொன்னபோது அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாள் மேசைமேல் இருந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்து, பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாத நிலையில் இருந்த அவர், பேரன் கைபேசியில் காட்டிய குறிப்பைப் பார்த்து, இரண்டு வாரங்களாகக் காலையில் ஒரு பெரிய தம்ளர் முருங்கைக்கீரை சூப் குடித்து வந்திருக்கிறார். செங்கோட்டைப் பக்கம் உணவியல் ஆலோசகராக இருக்கும் எனக்குக் கீரையை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால், அது வெந்த தண்ணீரை என்ன செய்வது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீரையைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் பொட்டாசியமும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டில் கரையக்கூடிய பகுதியும், வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவற்றில் ஒரு பங்கும் நீரில் இறங்கிவிடும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), நார் ஆகியவற்றின் பெரும்பகுதியும், கொழுப்பில் மட்டுமே கரையும் பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் இலையிலேயே தங்கும். ஆகவே இலையை வடிகட்டி எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் குடிப்பவர், இரத்தசோகைக்காக அதைக் குடிக்கிறார் என்றால், தேடி வந்த சத்தைத்தான் குப்பையில் போடுகிறார். பெரியம்மாவுக்கோ, அவர் ஒதுக்க வேண்டிய பொட்டாசியம் தம்ளரில் சேர்ந்துவிட்டது.

சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு மருத்துவர் கீரையை அனுமதித்திருந்தால், நான் சொல்லும் முறை இதுதான்: முழுதாகக் கழுவிய பின் பொடியாக நறுக்கி, இலை மூழ்குவதற்கு மேல் நிறையத் தண்ணீர் வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்நீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, தேங்காய் குறைவாகச் சேர்த்துத் துவரனாக (மலையாளப் பொரியல்) வதக்கிச் சிறிதளவு உண்ண வேண்டும். ஆவியில் வேகவைத்தால் பொட்டாசியம் அவ்வளவாக வெளியேறாது. (இளநீரும் பொட்டாசியம் நிறைந்ததுதான், அதை மருந்துபோலக் கொண்டு வந்து கொடுக்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லி மாளவில்லை.)

சிறுநீரகம் நன்றாக இயங்கும், இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இதற்கு நேர்மாறாகத் தண்ணீரும் வேண்டும், இலையும் வேண்டும். ஒரு கைப்பிடி துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, நான்கைந்து சின்ன உள்ளியும் இரண்டு பல் பூண்டும் தட்டிப் போட்டு, உருவிய முருங்கை இலை இரண்டு கைப்பிடியைக் கடைசி ஐந்தாறு நிமிடங்களுக்கு மட்டும் கொதிக்கவிட்டு, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் தாளித்து இறக்கினால், அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஈடான சூப்பாகும். மத்தால் லேசாகக் கடைந்தால் இலை தனியாக மிதக்காது. குழந்தைகளும் ஒதுக்க மாட்டார்கள். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். கொதியில் வைட்டமின் சி அழியும். கீரையிலுள்ள இரும்பு குடலில் உறிஞ்சப்படுவதற்கோ அந்த வைட்டமின் துணை வேண்டும். எண்ணெய் இருந்தால்தான் கரோட்டின் உடலில் சேரும். இவ்வளவும் செய்துவிட்டு உடனே ஒரு டம்ளர் கடுங்காப்பியோ தேயிலையோ குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நான் சொல்வனவற்றில் மிகக் குறைவாகப் பின்பற்றப்படும் அறிவுரை இதுவாகத்தான் இருக்கும்.

சிறுநீரகத்தில் ஆக்சலேட் வகைக் கற்கள் வந்தவர்கள் பாலக்கையும் தண்டங்கீரையையும் வேகவைத்த நீரை வடித்துவிட்டு, தயிரோ மோரோ சேர்த்துக் கூட்டாக்கி உண்பது நல்லது. தயிரின் சுண்ணாம்பு, மீதமுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்துவிடும். சேம்பிலை நாக்கை அரிப்பதும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்களால்தான். நம் வீடுகளில் அதைப் புளிவிட்டு நெடுநேரம் வேகவைப்பது அதற்காகவே.

தண்ணீரை வடித்தாலும் பயனில்லாத ஒரு கூட்டத்தார் உண்டு. இதய வால்வு அறுவைக்குப் பின் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் அவர்கள். அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே இலையிலேயே இருக்கிறது. அவர்கள் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ண வேண்டும். முன்பு திருவிதாங்கூரோடும், பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த இவ்வூரில் மலையாள வழக்கங்கள் இன்னும் பல வீடுகளில் உண்டு. நம் ஆடியை ஒட்டிவரும் கர்க்கடகத்தில் முருங்கையிலையைத் தொடாத வீடும் இருக்கிறது. தகரை, மத்தன், சேம்பு என்று பத்திலை பறித்து அன்றாடம் துவரன் வைக்கும் வீடும் இருக்கிறது. இரண்டு வழக்கங்களிலும் கீரையின் அளவு திடீரென மாறுவதால், அந்த மாதத்தில் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப் போடாமல், மாற்றத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்கும்படி இவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெரியம்மாவின் வீட்டில் இரத்தசோகையுள்ள மருமகளும் இருக்கிறார். சூப் அவருக்குத் தொடர்கிறது. மாமியாருக்கு வாரம் ஒருநாள் வடித்த கீரை. ஒரே அடுப்பில் இரண்டு சட்டி வைப்பது சிரமம் என்று முதலில் சலித்துக்கொண்டார்கள். கீரை ஆயும் வேலை ஒன்றுதானே, கொதிக்கவைக்கும்போதுதானே பிரிகிறது என்று மருமகளே சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.