சாங்ஷன்: ஒப்பளிப்பா, ஒறுப்பா?

'அனுமதிக்கப்பட்ட நாடுகளுக்குப் பணம் அனுப்ப இயலாது.' இப்படி ஒரு வரியைப் படித்தால் என்ன புரியும்? அனுமதித்துவிட்டார்கள், அப்புறம் ஏன் அனுப்பக் கூடாது? ஆங்கிலத்தில் இருந்த சொல் சாங்ஷன் (sanction). இங்கே அதற்குத் தண்டனை நடவடிக்கை என்று பொருள். அகராதியில் முதலில் கிடைத்த 'அனுமதி' என்ற பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இதே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்குப் புனிதமாக்குதல், மீறக் கூடாதென ஆணையிடுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் சட்டத்தைக் குறித்தது. பிறகு சட்டத்தை மீறினால் வரும் தண்டனைக்கும், சட்டம் தரும் இசைவுக்கும் அதே சொல் நின்றுவிட்டது. எதிரெதிர்ப் பொருள் வந்த கதை இதுதான்.

இசைவுப் பொருளுக்குச் சிக்கல் இல்லை. 'கடன் சாங்ஷன் ஆச்சா?' என்பதற்கு ஒப்புதல் போதும். அரசாணைகளில் ஒப்பளிப்பு என்ற நல்ல சொல்லே இருக்கிறது.

என் சண்டை, தண்டனைப் பொருளுக்கு வழக்கமாக எழுதும் 'பொருளாதாரத் தடை'யோடுதான். தடை என்றால் ஒன்றை நடக்கவிடாமல் நிறுத்துவது. சாங்ஷனோ செய்த குற்றத்துக்குக் கொடுக்கும் அடி. சொத்தை முடக்குவதும் அதில் உண்டு. முடக்கத்தைத் தடை என்போமா? அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935 நவம்பரில், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் நடவடிக்கை எடுத்தது. ஆயுதம், கடன், இத்தாலியிலிருந்து இறக்குமதி எல்லாம் நின்றன. போருக்கு உயிரான எண்ணெயோ பட்டியலில் இல்லை. இதைப் 'பொருளாதாரத் தடை' என்று படிப்பவர் வணிகம் முழுக்க நின்றதாகத்தானே நினைப்பார்?

இன்னொன்று. பேன் (ban), எம்பார்கோ (embargo), சாங்ஷன் மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றுக்கும் தடை என்றே எழுதுகிறார்கள். நீதிமன்றத் தடையும் அதே தடை. வாசகர்தான் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது சோம்பல், வேறொன்றும் இல்லை.

ஒறுத்தல் என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! கொடியவர்களை வேந்தன் ஒறுப்பதைப் பயிரில் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறது 550ஆம் குறள். தவறுக்குத் தண்டனை, அதிகாரம் உள்ளவர் தருவது: சாங்ஷனுக்கு வேண்டியது இரண்டும்தான். பழைய சொல், யாருக்கும் புரியாது என்பார்கள். ஒப்பளிப்பு மட்டும் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியுமா? புழங்கப் புழங்கத்தான் பழகியது. முதலில் வரும் இடத்தில் 'பொருளாதார ஒறுப்பு நடவடிக்கை' என்று விரித்து எழுதலாம். அடுத்தடுத்த வரிகளில் ஒறுப்பு என்றாலே போதும்.